கத்தரிக்கோலும் தூரிகையும்

போட்டோவிலிருந்து ஓர் ஆளை வெட்டி எடுப்பது பெரிய வித்தையில்லை. கூர்மையான கத்தரிக்கோலும் நடுங்காத கையும் இருந்தால் போதும். ஆனால் வெட்டி எடுத்த பிறகு அங்கே ஓர் ஓட்டை விழுந்து கிடக்கிறதே, அதை என்ன செய்வது? வித்தையெல்லாம் அங்கேதான் ஆரம்பமாகிறது. அந்த ஆள் நின்றதனால் மறைந்திருந்தது எது? சுவரா, மரமா, ஆற்று நீரா, பின்னால் நின்றவருடைய முழங்கையா? காமிராவே பார்க்காத ஒன்றை யாராவது கற்பனை செய்து அங்கே வைக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காரணத்தினால், படத்தை வெட்டி ஒட்டுகிறவர்கள்மீது எனக்கு ஒரு தொழில்முறைப் பாசம் உண்டு. கதை எழுதுகிறவனும் அதே காரியத்தைத்தான் செய்கிறான். எங்கோ பார்த்த ஒரு மனிதரைக் கத்தரித்து எடுத்து, அவர் என்றும் மிதிக்காத ஒரு தெருவில் கொண்டுபோய் நிறுத்துகிறான். ஒரே ஒரு வித்தியாசம். என் புத்தகத்தின் அட்டையிலேயே 'நாவல்' என்று அச்சடித்துவிடுகிறார்கள். வாசகர் எச்சரிக்கையோடுதான் உள்ளே வருகிறார். போட்டோவுக்கு அப்படி எந்த முத்திரையும் கிடையாது. "படமே இருக்கிறது, பார்!" என்று ஒருவர் சொல்லிவிட்டால், எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்று இந்தக் காரியம் குழந்தை விளையாட்டாகிவிட்டது. 2022-ஆம் ஆண்டில் ஐபோனில் ஒரு வசதி வந்தது. படத்தில் இருக்கும் ஆள்மேல் விரலை வைத்துச் சற்று அழுத்திக்கொண்டிருந்தால், பதமாகக் காய்ந்த கல்லிலிருந்து தோசை பெயர்ந்து வருவதுபோல் அந்த உருவம் மட்டும் பின்னணியை விட்டுக் கழன்று வருகிறது. இந்த ஒரு விரல் அழுத்தலுக்குப் பின்னால் நூற்றறுபது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதில் கலையும் இருக்கிறது, கொலையும் இருக்கிறது.

கலையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1857-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரத்துக் கலைக் கண்காட்சியில் ஒரு பெரிய போட்டோ வைத்தார்கள். எடுத்தவர் ரெய்லாண்டர், சுவீடனில் பிறந்து இங்கிலாந்தில் தொழில் செய்தவர். படத்தின் பெயர் 'வாழ்க்கையின் இரு வழிகள்'. நடுவில் ஒரு பெரியவர் இரண்டு வாலிபர்களோடு நிற்கிறார். ஒரு பக்கம் சூதும் மதுவும் மங்கையரும். மறு பக்கம் படிப்பும் உழைப்பும் பக்தியும். இத்தனை பேரும் சேர்ந்து ஒருநாளும் காமிராவின் முன் நின்றதில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களைத் தனித்தனியே எடுத்து, ஒன்றை அச்சிடும்போது மற்ற இடங்களை மூடி மறைத்து, ஒரே தாளில் ஒவ்வொரு துண்டாகச் சேர்த்திருந்தார் ரெய்லாண்டர். வாரக்கணக்கில் நடந்த வேலை. விக்டோரியா மகாராணியே ஒரு பிரதி வாங்கினார்.

மறு வருஷம் ராபின்சன் என்ற மற்றொரு புகைப்படக்காரர், ஒரு பெண் குடும்பத்தார் நடுவே உயிர் விடும் காட்சியை ஐந்து நெகடிவ்களில் எடுத்து இணைத்தார். இவ்வளவு அந்தரங்கமான துக்கத்தைப் படம் எடுக்கலாமா என்று பலர் முகம் சுளித்தார்கள். உண்மையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு நோயும் இல்லை, படத்துக்காக நடித்தவள். வருத்தப்பட்டவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. போட்டோ பொய் சொல்லும் என்று அந்தக் காலத்தில் யார் நினைத்தார்கள்?

அன்றைய தொழிலில் இப்படிச் செய்ய ஒரு நியாயமும் இருந்தது. அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு நீல நிறம் ஒத்துக்கொள்ளாது. தரைக்கு ஏற்றபடி வெளிச்சம் கொடுத்தால் வானம் மேகமே இல்லாமல் வெள்ளை வெளேரென்று வெளுத்துப் போகும். ஆகையால் பலர் நல்ல மேகங்களைத் தனியாக நெகடிவ் எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். வேண்டிய மலைக்கு வேண்டிய மேகத்தை அச்சிட்டுக்கொள்வார்கள். ஒரே மேகம் இரண்டு வெவ்வேறு ஊர்களின்மேல் மிதந்த அதிசயமும் உண்டு. இதனால் யாருடைய குடியும் கெடவில்லை.

அமெரிக்காவில் சற்று முன்னேறினார்கள். அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தில், உள்நாட்டுப் போரின் வெற்றி வீரரான ஜெனரல் கிராண்ட் குதிரைமேல் கம்பீரமாக அமர்ந்திருக்கும் படம் ஒன்று இருக்கிறது. பின்னால் பெரிய பாசறை. பார்த்தவுடன் சல்யூட் அடிக்கத் தோன்றும். நூலகத்து ஆராய்ச்சியாளர்கள் ஒருநாள் அதைக் கூர்ந்து பார்த்தார்கள். தலை பொருந்தவில்லை, குதிரையும் கிராண்டின் குதிரையாகத் தெரியவில்லை. தேடிப் பார்த்ததில் மூன்று படங்கள் அகப்பட்டன. தலை, 1864-இல் எடுத்த வேறொரு படத்தில் கிராண்டுடையது. உடலும் குதிரையும் ஜெனரல் மெக்குக் என்ற இன்னொருவருடையவை. பாசறை என்று நினைத்தது, சிறைப்பட்ட எதிரிப் படை வீரர்களின் கூட்டம். லெவின் ஹேண்டி என்ற புகைப்படக்காரர் 1902 வாக்கில் மூன்றையும் ஒன்றாக்கியிருக்கிறார். கிராண்டோ 1885-லேயே காலமாகிவிட்டார். இறந்து பதினேழு வருஷம் கழித்து அடுத்தவர் உடம்பில் சவாரி செய்யும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

இதுவரை வேடிக்கை. இவர்களெல்லாம் ஆளைச் சேர்த்தவர்கள். ஆளை நீக்கத் தொடங்கியபோது கதை மாறிவிட்டது.

1920-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி. மாஸ்கோவில் போல்ஷோய் நாடக அரங்கத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில், போலந்துப் போர்முனைக்குப் புறப்படும் சிப்பாய்களுக்கு முன்னால் மரமேடை ஒன்றில் நின்று லெனின் பேசுகிறார். உடம்பு முன்னே சாய்ந்திருக்கிறது. மேடைக்குப் பக்கத்துப் படிகளில் டிராட்ஸ்கி நிற்கிறார். அவருக்குப் பின்னால் காமனேவ். கோல்ட்ஸ்டைன் என்ற புகைப்படக்காரர் எடுத்த இந்தப் படம் உலகம் முழுவதும் பிரசித்தமாயிற்று.

பிறகு லெனின் மறைந்தார். ஸ்டாலின் காலம் வந்தது. 1927-இல் டிராட்ஸ்கியைக் கட்சியிலிருந்து விலக்கினார்கள். 1929-இல் நாட்டை விட்டே துரத்தினார்கள். 1936-இல் காமனேவைச் சுட்டுக் கொன்றார்கள். 1940-இல் மெக்ஸிகோவில் தஞ்சம் புகுந்து வாழ்ந்த டிராட்ஸ்கியையும் ஆள் அனுப்பி மண்டையில் அடித்துக் கொன்றார்கள். ஆனால் மனிதர்களைக் கொன்றால் மட்டும் போதவில்லை. அந்தப் படிகளில் அவர்கள் நின்ற விஷயம் ஒன்று பாக்கியிருந்தது. பின்னால் வந்த பிரதிகளில் லெனின் அதே ஆவேசத்தோடு பேசுகிறார். சிப்பாய்கள் அதே கவனத்தோடு கேட்கிறார்கள். டிராட்ஸ்கியும் காமனேவும் நின்ற இடத்தில் வெறும் மரப்படிகள் தெரிகின்றன.

அந்தப் படிகளைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். யாரோ ஒரு தொழிலாளி மேஜைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு படியாக வரைந்திருக்கிறார். பலகையின் விளிம்பில் எங்கே வெளிச்சம் விழும், எங்கே நிழல் தங்கும் என்று யோசித்திருக்கிறார். நல்ல வேலைக்காரர்தான். அவருக்கும் வீட்டில் பிள்ளை குட்டிகள் இருந்திருக்கும். மாட்டேன் என்று சொல்லியிருந்தால், அடுத்த படத்தில் அவரையே யாரோ வெட்டியிருப்பார்கள்.

இதில் விதியின் விளையாட்டு ஒன்றும் உண்டு. அந்தக் காலத்து ரகசியப் போலீஸின் தலைவர் எஷோவ். 1936-இலிருந்து 1938 வரை அவர் கையெழுத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மாஸ்கோ-வோல்கா கால்வாயின் கரையில் வோரோஷிலோவ், மோலடோவ், ஸ்டாலின் ஆகியோரோடு அவர் நடந்து வரும் படம் ஒன்று இருக்கிறது. ஸ்டாலினுக்குப் பக்கத்தில், தண்ணீரை ஒட்டி நிற்கிறார். 1940 பிப்ரவரியில் எஷோவையும் சுட்டுவிட்டார்கள். பிறகு அந்தப் படத்தில் மூவர்தான் நடக்கிறார்கள். எஷோவ் நின்ற இடத்தில் கால்வாய் நீர் சலசலத்து ஓடுகிறது. அவ்வளவு பேரைக் காணாமற்போகச் செய்தவர், கடைசியில் சில அங்குலத் தண்ணீரில் கரைந்து போனார்.

அரசாங்கத்துப் படங்களின் கதை இது. வீட்டுப் படங்களின் கதை வேறு. 'மக்கள் விரோதி' என்று முத்திரை விழுந்த ஒருவருடைய முகம் வீட்டு ஆல்பத்தில் இருந்தால் அதுவே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடும். ஆகவே மக்கள் தங்கள் கையாலேயே தங்கள் சொந்தப் படங்களில் முகங்களை வெட்டி எறிந்தார்கள், சுரண்டி அழித்தார்கள். ரோட்சென்கோ என்ற புகழ் பெற்ற ஓவியர் 1934-இல் 'உஸ்பெகிஸ்தானின் பத்து ஆண்டுகள்' என்ற அழகான புத்தகம் ஒன்றை வடிவமைத்திருந்தார். அதில் படமாக இருந்த தலைவர்கள் சில ஆண்டுகளுக்குள் ஒவ்வொருவராகக் கைதாகி மாண்டார்கள். ரோட்சென்கோ என்ன செய்தார்? தம் வீட்டிலிருந்த பிரதியை எடுத்து, தாம் அவ்வளவு ஆசையாக அமைத்த பக்கங்களில், அந்த முகங்களின்மேல் கறுப்பு மையை அப்பினார். உடையும் பதக்கமும் அப்படியே இருக்கும். கழுத்துக்கு மேலே கறுப்புக் குழம்பு.

பார்க்கச் சகிக்காத பக்கங்கள்தான். ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த மை பொய் சொல்லவில்லை. 'இங்கே ஒருவர் இருந்தார், அவரைப் பார்க்க எனக்குப் பயமாயிருக்கிறது' என்றுதான் அது சொல்கிறது. கத்தரிக்கோல் விட்ட ஓட்டையும் அதைத்தான் சொல்கிறது. பொய் சொன்னது தூரிகை. இங்கே ஒருவரும் இருந்ததில்லை, எப்போதும் தண்ணீர்தான், எப்போதும் படிகள்தான் என்று சொன்னது அது.

செக்கோஸ்லோவாகியாவிலும் இந்தக் கதை நடந்தது. 1948 பிப்ரவரியில் பிராகா நகரத்து மாளிகை மாடத்திலிருந்து கம்யூனிஸ்டுத் தலைவர் கோட்வால்ட் மக்களிடம் பேசினார். பக்கத்தில் கிளெமென்டிஸ் நின்றார்; அந்த ஆண்டே அயல்நாட்டு மந்திரியுமானார். 1952 டிசம்பரில் அவரைத் தூக்கிலிட்டார்கள், படத்திலிருந்தும் நீக்கினார்கள். குளிரில் வெறுந்தலையோடு நின்ற கோட்வால்டின் தலையில் கிளெமென்டிஸ் அன்று தம்முடைய ரோமத் தொப்பியைக் கழற்றி வைத்தார் என்றும், படத்தில் அவருடையதாக மிஞ்சியது அந்தத் தொப்பி ஒன்றுதான் என்றும் மிலன் குந்தேரா தம் நாவலில் எழுதியிருக்கிறார். நாவலாசிரியர் சொன்னதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது எனக்குத் தெரியும். நானும் அந்த ஜாதிதான். ஆனால் கோட்வால்டின் தலையில் தொப்பி இருக்கிறது, பக்கத்தில் கிளெமென்டிஸ் இல்லை. இந்த இரண்டும் படத்திலேயே இருக்கின்றன.

இந்தப் பொய்களெல்லாம் எப்படி வெளிப்பட்டன? மிகவும் சாதாரணமான வழியில். பழைய பிரதிகள் எங்கெங்கோ தப்பிக் கிடந்தன. டேவிட் கிங் என்ற ஆங்கிலேயர், 1970 முதல் பழைய பத்திரிகை, பழைய புத்தகம், பழைய கார்டு என்று தேடித் தேடிச் சேர்த்தார். முன்னே வந்த பிரதியையும் பின்னே வந்த பிரதியையும் அருகருகே வைத்து 1997-இல் ஒரு புத்தகமாகப் போட்டார். அவர் 2016-இல் காலமானார். அவர் சேர்த்த பொக்கிஷம் இன்று லண்டன் டேட் காட்சிச்சாலையில் இருக்கிறது. ஓர் அரசாங்கம் வேலை மெனக்கெட்டு அழித்ததை, ஒரு மனிதர் அரும்பாடுபட்டு மீட்டுவிட்டார். அச்சடித்த தாளுக்கு உள்ள பிடிவாதம் அவருக்கு உதவிற்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1987-இல் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் டாமஸ் நோல் என்ற மாணவர் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பனாரும் ஒரு பேராசிரியர். வீட்டின் அடித்தளத்தில் படம் கழுவும் இருட்டறை வைத்திருந்தவர். மகன் தம் சிறிய மாக்கின்டாஷ் கம்ப்யூட்டரில் சாம்பல் நிறப் படங்களைக் காட்டுவதற்கு ஒரு புரோகிராம் எழுதினார். சினிமாத் தந்திரக் காட்சிகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த அவருடைய தம்பி ஜான் நோல் அதைப் பார்த்து, இன்னும் இது வேண்டும், அது வேண்டும் என்று தூண்டினார். இருவரும் சேர்ந்து வளர்த்ததுதான் போட்டோஷாப். அடோபி கம்பெனி அதை 1990 பிப்ரவரியில் கடைக்குக் கொண்டுவந்தது.

விற்பதற்கு முன் அதை எல்லோருக்கும் காட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. ஜான் நோல், தாம் பின்னால் மணந்துகொண்ட பெண்ணை போரா போரா தீவின் கடற்கரையில் எடுத்த படத்தைக் கொடுத்தார். முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறாள் அந்தப் பெண். போகிற இடமெல்லாம் அவளை வெட்டினார்கள், ஒட்டினார்கள், ஒருத்தியை இருவராக்கினார்கள். காதலோடு எடுத்த ஒரு படம், உலகத்திலேயே முதன்முதலில் இந்தப் புதுக் கத்திக்குக் கழுத்தை நீட்டியது.

கம்ப்யூட்டரில் வெட்டுவது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே படம் என்பது புள்ளிகளின் கூட்டம். சுருக்குக் கயிறு மாதிரி ஒரு கோட்டை உருவத்தைச் சுற்றி இழுத்தால் உள்ளே இருப்பது ஆள், வெளியே இருப்பது இடம். சட்டை, கை, கால் எல்லாம் ஒழுங்காக வந்துவிடும். தலைமுடிக்கு வந்ததும் தகராறு. ஒரு மயிரிழை, ஒரு புள்ளியைவிட மெல்லியது. அந்தப் புள்ளியில் பாதி கூந்தலும் பாதி வானமும் கலந்திருக்கும். அதை ஆளோடு சேர்ப்பதா, இடத்தோடு சேர்ப்பதா?

இதற்கு வழி, போட்டோஷாப்புக்குப் பத்து வருஷம் முன்னாலேயே பிறந்துவிட்டது. 1970களின் கடைசியில் நியூயார்க்கில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர், ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நான்காவதாக ஓர் எண்ணும் கொடுத்தார்கள். இந்தப் புள்ளி எவ்வளவு தூரம் ஆளைச் சேர்ந்தது என்று அது சொல்லும். 'ஆல்பா' என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் 0-இலிருந்து 255 வரை போகும். 0 என்றால் முழுக்க இடம். 255 என்றால் முழுக்க மனிதர். நடுவில் இருப்பவை இரண்டும் கலந்தவை.

அதன் பிறகு கையின் வேலை மளமளவென்று குறைந்தது. 2004-இல் மைக்ரோசாப்டின் ஆராய்ச்சியாளர்கள், உருவத்தைச் சுற்றி ஒரு சதுரம் போட்டாலே போதும், மிச்சத்தை இயந்திரம் பிரித்துக்கொள்ளும் என்று செய்து காட்டினார்கள். 2010-இல் போட்டோஷாப்பில் இன்னொன்று வந்தது. ஆளை எடுத்த ஓட்டையை, சுற்றியிருக்கும் புல்லையும் மணலையும் பார்த்து இயந்திரம் தானே நிரப்பிவிடும். எத்தனையோ பேர் தொழில் நடுங்கியிருக்கும் அன்று. என் மனத்தில் தோன்றியவரோ, மரப்படிகளை வரைந்த அந்தப் பெயரறியாத ருஷ்யத் தொழிலாளிதான். அவருக்காவது தாம் யாரை மறைக்கிறோம் என்று தெரிந்திருந்தது. இயந்திரத்துக்கு அந்த உறுத்தல்கூட இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, வெட்டுவதே பாவம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ராஜஸ்தானத்தில் நாததுவாரம் என்ற க்ஷேத்திரம் இருக்கிறது. அங்கே யாத்திரை போனவர்கள் சுவாமிக்கு முன்னால் நிற்கும்படி ஓவியம் தீட்டி வாங்குவார்கள். போட்டோ வந்த பிறகு, பக்தர்களின் முகத்தை மட்டும் படத்திலிருந்து கத்தரித்து ஓவிய உடம்பின்மேல் ஒட்டும் வழக்கமும் அங்கே வந்தது. தங்கள் முகமே சுவாமியின் சந்நிதியில் இருக்க வேண்டும் என்ற ஆசைதான். அங்கே கத்தரிக்கோல் பக்திக்குக் கைங்கரியம் செய்தது.

நம் வீடுகளிலும் அப்படித்தான். கூடத்துச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் பாட்டிகளில் பலர் தனியாகப் படம் எடுத்துக்கொண்டதே இல்லை. யாருடைய கல்யாணத்திலோ வரிசையில் நின்றிருப்பார்கள். இறந்த பிறகு அந்த வரிசையிலிருந்து அவர்களைப் பிரித்து, பின்னால் நீல நிறம் தீட்டிப் பெரிதாக்கி மாட்டுகிறோம்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கடைத்தெரு ஒன்றில், ஒரு ஸ்டூடியோவில் இந்த வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தம் தாயாரின் படத்துக்காக வந்திருந்தார். கல்யாண குரூப் போட்டோவிலிருந்து அம்மாளைப் பையன் நிமிஷத்தில் பிரித்துவிட்டான்.

"அண்ணாச்சி, தோள்ல யாரு கையோ இருக்கு. எடுத்துரட்டுமா?"

"அது என் மக கை."

"எடுத்தாலும் ஒண்ணும் தெரியாது. சேலையை மெஷினே நிரப்பிரும்."

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம் தம்பி. இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பையனுக்கு அது திருப்தியில்லை. முழங்கையோடு முடிந்துபோன ஒரு கை, அந்தரத்திலிருந்து வந்து ஒரு தோளைத் தொடுவது தொழில் முறைக்கு லட்சணமாகப் படவில்லை. ஆனால் அவர் கேட்டபடியே அச்சிட்டுக் கொடுத்தான். அந்த மனிதர் போட்டோஷாப்பையும் அறியார், டேவிட் கிங்கையும் அறியார். இருந்தாலும் தாயாரைச் சுற்றியிருந்த கூட்டத்தில் ஒரு கை மட்டுமாவது மிஞ்ச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு மனிதரை அவர் நின்ற இடத்திலிருந்து முழுக்கப் பிரித்துவிட முடியாது. கம்ப்யூட்டரே கூந்தலின் ஓரத்தில் அதை ஒப்புக்கொள்கிறது. எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் அந்த ஓரத்தில் பழைய வானம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும். அவர் விட்டுப்போன இடத்திலும் அவருடைய நிழலோ தொப்பியோ எங்காவது கிடக்கும். சரித்திரம் படிக்கிறவர்கள் படத்தில் இருக்கும் முகங்களைப் பார்த்தது போதாது. முகங்களுக்கு நடுவே இருக்கும் சுவரையும் தண்ணீரையும் படிகளையும் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்கப் பழக வேண்டும்.

கடைசியாக ஒரு சொந்த வேண்டுகோள். உங்கள் வீட்டுப் படங்களைத் தாராளமாக வெட்டுங்கள், ஒட்டுங்கள், பாட்டிக்குப் பின்னால் தாஜ்மகாலையே நிறுத்துங்கள். ஆனால் அந்தப் பழைய குரூப் போட்டோவை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதைத் திருப்பி, பின்புறத்தில் யார் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு யாராவது இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க நினைக்கலாம்.